சிகிச்சை அறைக்குள் அறங்காவலர்களுக்கு என்ன வேலை?

கேள்வி:

வணக்கம் சார். காயம்பட்ட காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஒரு அறக்கட்டளை மருத்துவமனைக்கு ஆறு மாதம் முன்பு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வைத்தியம் தெரியாது. மருத்துவமனையைத் தொடங்கியவரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடம் கைக்காசைப் போட்டு நடத்தியவர். தலைவர் பதவியை விட்டுவிட்டார். ஆனால் அறங்காவலர் குழுவில் இருக்கிறார், தினமும் காலையில் வந்துவிடுவார். போன மாதம் இறக்கை மூட்டு நொறுங்கி வந்த ஒரு பருந்துக்குக் கருணைக்கொலைதான் வழி என்று எங்கள் டாக்டர் முடிவு செய்தார். அண்ணா ஊசி போட விடவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூண்டில் வைத்திருக்கிறார். இப்போது அதன் பாதத்தில் புண். டாக்டர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். நான் ஏற்காமல் வைத்திருக்கிறேன். குழுவின் ஒன்பது பேரில் ஐந்து பேர் அண்ணாவின் உறவினரும் நண்பர்களும். வாட்ஸ்அப்பில் எந்த விலங்குக்கு என்ன மருந்து என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆமைகளுக்குத் தொட்டி கட்டத் தந்த நன்கொடையில் இரண்டு மாதச் சம்பளம் போட்டுவிட்டதாகப் பொருளாளர் இப்போது சொல்கிறார். ஒரு பெரிய நன்கொடையாளர் குடும்பத்தோடு வந்து மான்குட்டிக்குப் பால் புகட்ட வேண்டும் என்கிறார். இதெல்லாம் போதாதென்று, ஒரு ராத்திரி நான் அணில் குஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் டாக்டரை வரச் சொன்னபோது அவர் முகம் சுளித்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கே தொடங்குவது? பேசாமல் விலகிவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

வணக்கம் அம்மா.

ஆறேழு பிரச்சினைகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது ஒன்றுதான். உங்கள் மருத்துவமனையில் எந்த முடிவை யார் எடுப்பது என்று இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. அண்ணா ஒருவரே எல்லாமாக இருந்தவரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அவரே தலைவர், அவரே நிர்வாகி, ராத்திரி கண்விழித்துப் பால் புகட்டியவரும் அவரே. இப்போது சம்பளத்துக்கு டாக்டர் இருக்கிறார், குழு இருக்கிறது, வெளியார் பணம் வருகிறது. முடிவுகள் மட்டும் பழையபடி யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் போகின்றன.

முதலில் டாக்டரைப் பாருங்கள். அண்ணாவும் கணக்கும் அப்புறம். ராஜினாமாவை ஏற்காமல் கிடப்பில் போட்டிருப்பது அவருக்குச் சொன்ன பதில் ஆகாது. காட்டு விலங்குகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் எங்குமே குறைவு. நாய், பூனை, மாடு பார்த்துப் பழகியவர் கழுகுக்கும் ஆமைக்கும் கைவைக்க மேலும் சில ஆண்டுகள் பழக வேண்டும். அவர் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது கூண்டுகளும் ஒரு பெயர்ப்பலகையும்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கால்நடை மருத்துவரின் பதிவு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. ஒரு பிராணி வீணாக வேதனைப்பட்டது என்று புகார் போனால் கேள்வி முதலில் அவரிடம்தான் வரும், வாட்ஸ்அப்பில் மருந்து சொன்னவரிடம் வராது. பொறுப்பு ஒருவர் தலையிலும் அதிகாரம் இன்னொருவர் கையிலும் இருக்கிற இடத்தில் சுயமரியாதை உள்ள யாரும் நிலைக்க மாட்டார்கள். உங்கள் டாக்டர் கோபக்காரர் என்று நான் நினைக்கவில்லை. நிலைமையைச் சரியாகப் படித்திருக்கிறார்.

அவரைப் பார்க்கப் போகும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா குணம் உங்களுக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதை அவர் இதற்குள் எத்தனையோ முறை கேட்டிருப்பார். கையில் உங்கள் கையெழுத்திட்ட ஒரு தாளோடு போங்கள். சிகிச்சை, மயக்க மருந்து, கருணைக்கொலை, காட்டில் விடுவது, இந்த நான்கிலும் பணியில் இருக்கும் மருத்துவரின் முடிவே இறுதி. இன்ன தேதியில் கூடும் குழுவில் இது தீர்மானமாக வைக்கப்படும். அவ்வளவு போதும். தலைவர் தனியாக இப்படி இடைக்கால உத்தரவு போடலாமா என்பதை முன்னதாக உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் அவசரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அந்த நோட்டீஸின் நகலோடு போங்கள்.

பருந்தைப் பற்றியும் அங்கேயே பேசிவிடுங்கள். "அது உங்கள் கேஸ், இன்றைக்கே மறுபடி பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று. பாதப் புண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பறக்காத வேட்டைப் பறவைகளுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை. நாள் முழுக்க ஒரே கட்டையில் உட்கார்ந்து, உடம்பின் எடை பாதத்தின் ஒரே இடத்தில் அழுந்தி, தோல் தடித்து, வெடித்து, சீழ் வைக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்புவரை போகும். அண்ணா காப்பாற்றியதாக நினைக்கும் பருந்து இப்போது இறக்கை வலியோடு கால் வலியையும் சுமக்கிறது. இதைக் குழுவில் நீங்கள் சொல்ல வேண்டாம். டாக்டர் எக்ஸ்ரே படத்தையும் பாதத்தின் படத்தையும் வைத்துச் சொல்லட்டும்.

அணில் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் முகம் சுளித்தது அணிலைப் பார்த்து இருக்காது. தலைவர் கூப்பிட்டால் ராத்திரியிலும் வர வேண்டும், வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் காலைவரை காத்திருக்கலாம் என்றால், வாட்ஸ்அப்பில் மருந்து சொல்கிறவர்கள் செய்வதையே நீங்களும் கொஞ்சம் மரியாதையோடு செய்திருக்கிறீர்கள். அறங்காவலர் கொண்டுவந்தாலும் எல்லாரையும் போல வரவேற்பு மேஜையில் பதிவு செய்து, வரிசையில் நிற்க வேண்டும். டாக்டரிடம் இதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடுங்கள். அந்தத் தாளைவிட இதற்கு மதிப்பு அதிகம் இருக்கும்.

சரி, கருணைக்கொலை. குழுவில் சண்டை வெடிக்கப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட முடிந்த விலங்கு மனிதர் கையில் சிக்காது. உங்கள் வாசலுக்கு வருகிறவை பெரும்பாலும் ஓடவோ பறக்கவோ திராணி இல்லாமல் போனவை. அதனால் எந்த நல்ல வனவிலங்கு மருத்துவமனையிலும் வந்த முதல் ஓரிரு நாளிலேயே இறப்பும் கருணைக்கொலையும் அதிகமாக இருக்கும். அதை வைத்து மருத்துவமனை மோசம் என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, வீட்டு நாய்க்குக் கால் போனால் மூன்று காலோடு வீட்டில் வாழும். மனிதர் கிட்டே வரும் ஒவ்வொரு முறையும் எதிரி வந்ததாகவே நினைக்கும் ஒரு முழு வளர்ந்த பருந்துக்குக் கூண்டு வாழ்க்கை அப்படிப்பட்டது இல்லை. குஞ்சிலேயே வந்து மனிதரோடு பழகிய பறவை கூண்டில் அமைதியாக இருக்கலாம். காட்டில் வளர்ந்து வந்தது பெரும்பாலும் இருக்காது.

குழு செய்ய வேண்டியது, எந்தப் பருந்து சாக வேண்டும், எது பிழைக்க வேண்டும் என்று ஓட்டெடுப்பது இல்லை. விலங்கு எதுவும் மேஜையில் இல்லாத ஒரு நாளில், பொதுவான கொள்கையை எழுதி வைப்பது. அதை டாக்டர் எழுதட்டும், குழு கேள்வி கேட்டு ஏற்கட்டும். முதுகெலும்பு முறிவு, இரு கண்களும் போனது, மூட்டிலோ மூட்டையொட்டியோ இறக்கை நொறுங்கியது போன்றவற்றில் பணியில் உள்ள டாக்டர் யாருக்கும் போன் போடாமல் அந்த நிமிடமே முடிவெடுக்கலாம் என்று அதில் இருக்கட்டும். சந்தேகமான கேஸ்களில் இன்னொரு மருத்துவரிடம் கலந்து பேசலாம், இத்தனை மணி நேரத்துக்குள் என்று வரம்பு போடுங்கள். காட்டுக்குத் திரும்ப முடியாததை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்றால் என்னென்ன நிபந்தனை என்பதும் வேண்டும். எந்தக் கூண்டு, யார் செலவு, எந்த அரசு அனுமதி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. வட அமெரிக்காவின் இரண்டு பெரிய வனவிலங்கு மறுவாழ்வு அமைப்புகள் சேர்ந்து கூண்டளவு முதல் நோய்த்தடுப்பு வரை குறைந்தபட்சத் தரநிலைகளை வெளியிட்டிருக்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் வெறும் தாளிலிருந்து எழுத வேண்டியதில்லை.

கொள்கை நிறைவேறிய பிறகு குழுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை வந்தால் போதும். எத்தனை வந்தன, எத்தனைக்கு ஊசி போடப்பட்டது, எந்தக் காரணங்களுக்காக. அண்ணாவுக்குக் கொள்கை பிடிக்கவில்லையென்றால் கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம், திருத்தம் கொண்டுவரலாம், தோற்றால் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லலாம். சிகிச்சை அறையில் நின்று டாக்டர் கையைப் பிடிக்க முடியாது.

அண்ணாவிடம் எப்படிப் பேசுவது? தனியாகப் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவரை, முடிந்தால் அந்த ஐந்து பேரில் ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் திடீரென்று தீர்மானத்தை வைத்து அவரை ஓட்டில் தோற்கடிக்கப் பார்ப்பது முட்டாள்தனம். முதலில் உங்களிடம் ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தாலும் இருபது வருட உழைப்புக்கு அது மரியாதை ஆகாது.

அவரிடம் சொல்லத் தோதான கதை ஒன்று இருக்கிறது. 1971 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் எண்ணெயில் நனைந்தன. ஊரே திரண்டு வந்து சுமார் 4300 பறவைகளைப் பிடித்து, கிடைத்த இடத்திலெல்லாம் வைத்துக் கழுவியது. அன்பு கொட்டிக் கிடந்தது. பிழைத்துத் திரும்பியவை சுமார் 300 மட்டுமே. எப்படிக் கழுவுவது, எதைக் கொண்டு கழுவுவது, கழுவியபின் எவ்வளவு சூட்டில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்த ஆலிஸ் பெர்க்னர் என்ற செவிலியர், இதற்கென்று ஒரு முறை வேண்டும் என்று அதே ஆண்டில் தொடங்கியதுதான் இன்றுவரை இயங்கும் இன்டர்நேஷனல் பேர்ட் ரெஸ்க்யூ. தொடங்கியவர் காலம் தாண்டியும் அந்த அமைப்பு நிற்கிறது. அண்ணாவும் தன் மருத்துவமனை அப்படி நிற்பதைத்தான் விரும்புவார். விரும்பாத நிறுவனரை நான் இன்னும் பார்க்கவில்லை. விட்டுக்கொடுக்க மறுக்கிறவர்களில் பலர் அதிகார ஆசையால் மறுப்பதில்லை. நாளை முதல் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாததால் மறுக்கிறார்கள்.

அதனால் அவருக்கு உண்மையான வேலை ஒன்றைக் கொண்டுபோங்கள். பள்ளிகளில் பேசுவது, பழைய நன்கொடையாளர்களைப் பார்ப்பது, குணமான விலங்குகளை விடுவிக்க வனத்துறையோடும் நிலச் சொந்தக்காரர்களோடும் இடம் பேசி முடிப்பது. கடைசியாகச் சொன்னதை அவரைப் போல வேறு யாரும் செய்ய முடியாது. 'கௌரவ ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து மருந்து அலமாரிச் சாவியையும் அவரிடமே விட்டுவைப்பது சமாதானம் ஆகாது. சாவி டாக்டரிடம் வந்துவிட வேண்டும். கெட்டமைன் மாதிரி மயக்க மருந்துகள் பூட்டுக்குள் இருந்து, ஒவ்வொரு மில்லியும் பதிவேட்டில் ஏற வேண்டும். பல நாடுகளில் இது சட்டம். "சட்டம் அப்படி அண்ணா, நான் என்ன செய்ய" என்று நீங்கள் சொல்லிக்கொள்ளவும் அது வசதி.

வாட்ஸ்அப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கூட்ட அறிவிப்பு மட்டும் என்று மாற்றுங்கள். சிகிச்சையில் உள்ள விலங்கின் படத்தை யாரும் எடுக்கக் கூடாது, அனுப்பக் கூடாது.

நிர்வாகி என்று தனியாக யாராவது இருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றுதான் ஊகிக்கிறேன். இருந்திருந்தால் மான்குட்டிக்குப் பால் புகட்டும் விண்ணப்பம் தலைவர்வரை வந்திருக்காது. நல்ல டாக்டர் இருக்கிறாரே, அவரையே எல்லாவற்றுக்கும் தலைமையாக்கிவிடலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளப் பட்டியல், உரிமம் புதுப்பிப்பு, தன்னார்வலர் ஷிப்ட், கூரை ஒழுகல் என்று அவர் நாள் போய்விடும், நல்ல டாக்டரை இழந்து சுமாரான நிர்வாகி ஒருவரைப் பெறுவீர்கள். அரை நேரத்துக்காவது ஒரு நிர்வாகியை எடுங்கள். பணமும் ஆட்களும் அவரிடம், சிகிச்சை டாக்டரிடம். இருவரும் உரசிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: எத்தனை விலங்குகளை, எந்தெந்த இனங்களைச் சேர்ப்பது. குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது அதைத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ப்புப் பிராணிகளின் ஆஸ்பத்திரியில் நோயாளி கூடினால் வருமானம் கூடும். உங்களிடம் உள்ளே வரும் ஒவ்வொரு உயிரும் யாரும் கட்டப்போகாத ஒரு பில்லோடுதான் வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் குஞ்சும் குட்டியுமாகக் குவியும். நன்கொடை அந்த மாதங்களில்தான் வரும் என்று எந்த நியதியும் இல்லை. சேர்க்கைக்கு வரம்பு இல்லாத இடத்தில் கூண்டுகள் நிரம்பி, நோய் பரவி, பிழைக்க வேண்டியவையும் சாகும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 2018இல் திறந்த வனவிலங்கு மருத்துவமனை, அந்த நாட்டுக்கே உரிய உயிரினங்களை மட்டுமே பார்ப்பது என்று வைத்திருக்கிறது. அது கல்நெஞ்சம் இல்லை. அரிய பென்குயினுக்கு இடம் இருக்க வேண்டும் என்றால் வேறு எதற்கோ இடமில்லை என்று சொல்லியாக வேண்டும். உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். பட்டியல் என்று ஒன்று இருக்க வேண்டும். "இடம் இல்லை" என்று சொல்லும் அதிகாரம் பணியில் இருப்பவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்தால் கதவையே மூடும் அதிகாரமும்தான். 2021, 2022இல் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியபோது பல மருத்துவமனைகள் நீர்ப்பறவைகளை உள்ளே எடுப்பதை நிறுத்தவோ, வெளியே தனி இடம் போட்டுப் பரிசோதிக்கவோ வேண்டி வந்தது. அப்படிப்பட்ட காலையில் ஒன்பது பேருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

குழுவின் முன் வைக்கப்படும் எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வங்கிக்காரர் நீங்கள், சட்டென்று பிடிபடும். "விடுவிப்பு விகிதம்" என்று ஒன்றை நன்கொடையாளர்கள் கேட்பார்கள். நூறு வந்து, முப்பது முதல் நாளிலேயே இறந்து, மீதி எழுபதில் நாற்பத்தைந்து காட்டுக்குத் திரும்பினால் அது 45 சதவீதமா, 64 சதவீதமா? இரண்டு விதமாகவும் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எப்படிக் கணக்கிட்டோம் என்று அடியில் எழுதுங்கள், வருடத்துக்கு வருடம் மாற்றாதீர்கள்.

அதைவிட மோசமான பொறி இன்னொன்று. பறக்கப் பழகும்போது தரையில் தத்தித் திரியும் ஆரோக்கியமான குஞ்சுகளை, பாவம் அநாதை என்று ஜனங்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் வாங்கி, இரண்டு வாரம் தீனி போட்டு விட்டால் உங்கள் விகிதம் பிரமாதமாக ஏறும். போனிலேயே, "எடுத்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள், தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும், மனிதர் கை பட்டதற்காக ஒதுக்கிவிடாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற மருத்துவமனைக்கு விகிதம் குறையும். குஞ்சுகளுக்கு நல்லது செய்வது இரண்டாவதுதான். அதனால் போன் ஆலோசனைகளையும் ஒரு எண்ணாகக் கேளுங்கள்.

எண்ணில் வராத சிலவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை குழு கேட்க வேண்டும். பாலூட்டிகளைக் கையாளும் எல்லாருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? மருந்துப் பதிவேட்டை டாக்டரைத் தவிர வேறு யார் சரிபார்த்தது? கருணைக்கொலை செய்த உடல்கள் எங்கே போகின்றன? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கருணைக்கொலைக்கான பென்டோபார்பிட்டால் மருந்தை ஊசியில் போட்ட உடலைத் திறந்த வெளியில் எறிந்தால் அதைத் தின்னும் கழுகும் நரியும் சாகும்.

ஆமைத் தொட்டிப் பணம். இதை உள்கணக்கு விவகாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்ன காரியத்துக்கு என்று கொடுத்த பணத்தை அறக்கட்டளை தன் இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது. பல நாடுகளில் அறங்காவலர்களே தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டிவரும். நீங்கள் தலைவரான பிறகு நடந்ததா, முன்பா என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போது நடந்திருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. தணிக்கையாளரிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள். பிறகு நன்கொடையாளரை நேரில் பார்த்து, இவ்வளவு எடுத்தோம், இந்தத் தேதிக்குள் திரும்ப வைக்கிறோம், அல்லது சம்பளத்துக்கு என்று மாற்ற எழுத்தில் சம்மதம் தாருங்கள் என்று கேளுங்கள். நாமாகப் போய்ச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் ஆமைக்கு மட்டுமில்லை, எதற்கும் அதன்பின் தர மாட்டார்கள். இனி இது நடக்காமல் இருக்கத் தனி வங்கிக் கணக்கு, பொருளாளரோடு இன்னொருவர் கையெழுத்து, மாதாமாதம் ஒரு பக்க அறிக்கை. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு மாதத்துக்காவது சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

மான்குட்டி விஷயத்தில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தோடு சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல கைகள் பால் கொடுத்த குட்டி மனிதரை நம்பப் பழகிவிடும். விட்டபிறகு நாய்க்கும் துப்பாக்கிக்கும் பக்கத்தில் போய் நிற்கும். ஆணாக இருந்தால் கொம்பு முளைத்த பருவத்தில் மனிதரையே முட்டவும் வரும். அதற்குப் பதிலாக ஒரு விடுவிப்பு நாளுக்கு அவர் குடும்பத்தைக் கூப்பிடுங்கள், தூரத்திலிருந்து பார்க்கலாம். அதுவும் போதாது, குழுவில் இடம் வேண்டும் என்பார் சிலர். பணத்துக்காக மட்டும் யாரையும் குழுவில் எடுக்காதீர்கள்.

குழுவையே மாற்றுவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பதவிக்கால வரம்பு ஒன்றை நிறைவேற்றுங்கள், மூன்று வருடம், ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை என்பது மாதிரி. ஆளைப் பெயர் சொல்லி வெளியேற்றாமல் காலம் வெளியேற்றும். காலியாகும் இடங்களுக்கு உங்கள் ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒரு கால்நடை மருத்துவர், ஒரு வழக்கறிஞர், சூழலியல் தெரிந்த ஒருவர் என்று தேடுங்கள். யாருடைய உறவினர் கடையில் மருந்தோ தீவனமோ வாங்குகிறீர்கள் என்பதையும் எல்லாரும் வருடம் ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களையும் சேர்த்துத்தான்.

விலகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். சிகிச்சை முடிவு மருத்துவருடையது என்ற அந்த ஒரு தீர்மானத்தை வைத்துப் பாருங்கள். நிறைவேறினால் மற்றதற்கெல்லாம் ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகட்டும், இருங்கள். ஐந்து பேரும் சேர்ந்து தோற்கடித்தால், டாக்டரும் போய்விடுவார், அதற்குப் பின் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் அதிகாரம் இல்லாத பொறுப்பாளியாக நீங்கள் இருப்பீர்கள். அப்போது விலகுங்கள். "சொந்தக் காரணங்களால்" என்று எழுதாதீர்கள். உண்மைக் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, நகலைத் தணிக்கையாளருக்கும் அனுப்புங்கள். ஆமைப் பணத்தைப் பற்றி நன்கொடையாளரிடம் பேசும் வேலையை மட்டும் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.